வெள்ளியங்கிரி அண்ணனுக்குத் தைத்த பைகள்

திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டில், போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு எதிரே தார்ப்பாய் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். லாரிக்குத் தார்ப்பாய், ரிக் வண்டிக்கு சீட் கவர், கம்ப்ரசருக்கு உறை என்று பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு. போர்டில் கோகிலவாணி என்று போட்டிருந்தாலும் முதுகுக்குப் பின்னால் என்னை வாய்க்காரி என்றுதான் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சொல்லட்டும். வாய் இல்லாமல் ஒரு பொம்பளை இந்த ரோட்டில் கடை நடத்த முடியாது. என் வருத்தமெல்லாம் வேறு. வாயைத் திறந்து சண்டை போட்டிருக்க வேண்டிய ஒரு வியாழக்கிழமையன்று, நான் வாயை மூடிக்கொண்டு தைத்துக் கொடுத்துவிட்டேன்.

அன்று வந்தவர் வெள்ளியங்கிரி. ஐம்பத்திரண்டு வயது. சொந்த ஊர் புதுச்சத்திரம் பக்கம். கல்யாணமான கையோடு திருச்செங்கோட்டுக்குக் குடிவந்துவிட்டார். துளை போடும் இரும்பு ராடு தூக்கும் ஆளாக ரிக்கில் சேர்ந்து டிரில்லர் ஆனவர். இருபத்தெட்டு வருடம் ராஜஸ்தான், ஒடிசா, சத்தீஸ்கர் என்று ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்தவர். பெயரில்தான் மலை இருந்தது. ஆள் எந்த மலையும் ஏறியதில்லை. எங்கள் ஊர் மலைக்கோயிலுக்குக்கூட ரோடு வழியாக வண்டியில்தான் போவார். படி ஏறுகிறவர்களைப் பார்த்தால், இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்பார்.

ரிக்கில் ஓடியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை எடுத்தாலும் ஒன்றுக்கு இரண்டாக எடுப்பார்கள். ஸ்பேனர் இரண்டு, பெல்ட் இரண்டு, ஹோஸ் இரண்டு. காட்டுக்குள் போய் வண்டி நின்றுவிட்டால் ஒரு நட்டு வாங்க எண்பது கிலோமீட்டர் போக வேண்டும் அல்லவா? வெள்ளியங்கிரி அண்ணன் இதில் ஒரு படி மேலே. சத்தீஸ்கரில் ஒரு தடவை ஒரே ஒரு போல்ட் முறிந்து, பதினோரு நாள் வெறும் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தார்களாம். அதற்குப் பிறகு அவர் எங்கே கிளம்பினாலும் வீட்டையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போவார் என்று அவர் மனைவி ஸ்ரீதேவி சொல்லிச் சிரிக்கும். ஒரு சாமானை வழியில் விட்டுவிட்டு வருவது என்பது அவருக்குக் கையையோ காலையோ விட்டுவிட்டு வருகிற மாதிரி.

அவர்களுக்கு ஒரே பையன். நவநீதகிருஷ்ணன். இருபத்து மூன்று வயது. இங்கேயே இன்ஜினியரிங் முடித்துவிட்டு சேலத்தில் ஒரு கம்பெனியில் இருந்தான். லீவு கிடைத்தால் மலைக்குப் போய்விடுவான். மூன்று நாள், நான்கு நாள், தனியாக. அப்பனுக்கு நேர் எதிர். சமையல் கட்டில் தராசு வைத்து ஒவ்வொரு சாமானாக எடை போட்டுத்தான் பையில் வைப்பான். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக ஒடித்து எடுத்துப் போனான் என்று அண்ணன் கடைக்கு வந்து சொல்லி, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஆயுத பூஜை விடுமுறையில் அந்தப் பையன் கல்வராயன் மலைக்குப் போனான். ஊருக்குத் திரும்பியிருந்த ரிக்குகளையெல்லாம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த நேரம். கூடமாட நிற்காமல் போகிறானே என்று அண்ணன் திட்டியிருக்கிறார். சனிக்கிழமை போனவன் திங்கட்கிழமை வர வேண்டும். வரவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த மலையிலுள்ள கருமந்துறையில் ஒரு டீக்கடை வாசலில் அவன் பைக் நிற்பதாகத் தகவல் வந்தது. போலீஸும் வனத்துறை ஆட்களும் புதன்கிழமையிலிருந்து தேட ஆரம்பித்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணன் என் கடைக்குள் வந்தார். முகச் சவரம் இல்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"அம்மிணி, எனக்கு ஒரு பை வேணும். முதுகுல மாட்டறாப்பல. நாளைக்குக் காத்தால அஞ்சு மணி பஸ்ஸுக்குள்ள வேணும்."

அதுவரை எனக்கு விஷயம் தெரியாது. "என்னங்ணா, ரிக்கு எந்த ஊருக்கு?" என்றேன்.

"ரிக்கு இல்லீங். பையன மலைல காணோம்."

தையல் மிஷினை நிறுத்திவிட்டேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். தேடுகிறவர்கள் ரோட்டை ஒட்டித்தான் தேடுகிறார்கள், உள்ளே போக ஆள் இல்லை, அதனால் தானே போவதாகச் சொன்னார். மலையில் சடையன் என்று ஒருவர் வழிகாட்ட ஒத்துக்கொண்டிருக்கிறார். நாலைந்து நாள் உள்ளேயே தங்கித் தேட வேண்டும், உன் சாப்பாட்டையும் சாமானையும் நீதான் சுமக்க வேண்டும் என்று சடையன் சொல்லிவிட்டாராம்.

பை வாங்க முந்தின நாளே சேலம் போயிருக்கிறார். பெரிய கடையில் மலையேறுகிற பை ஒன்பதாயிரம். "துணியப் புடிச்சுப் பாத்தா பொடவத் தலப்பாட்டம் இருக்குதுங். அதுக்கா அம்புட்டு?" என்று இறங்கிவிட்டார். பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் வெளிநாட்டுப் பெயர் போட்டு அறுநூறு ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்ததை எடுத்து, இரண்டு வாரையும் இரண்டு கையால் பிடித்து ஓர் இழு இழுத்திருக்கிறார். தையல் விட்டுப்போனது. கடைக்காரன் சண்டைக்கு வர, கிழிந்த பைக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டுமே ஆகாது என்று முடிவு செய்து என்னிடம் வந்திருந்தார்.

என்ன வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்து வைத்திருந்தார். லாரிக்குப் போடுகிற பச்சைக் கித்தான். அடியில் இரண்டு மடிப்பு. வாருக்கு ரிக் வண்டி சீட் பெல்ட்டு நாடா. தார்ப்பாய் ஓரத்தில் அடிக்கிற இரும்பு வளையம் எட்டு. மூன்று வரிசைத் தையல்.

எனக்கு இந்தப் பைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அந்த வாரம்தான் காலேஜ் வாத்தியார் ஒருவர் தன்னுடைய மலையேறும் பையை ஜிப் மாற்றக் கொடுத்திருந்தார். நல்ல பை. பிரித்து உள்ளே பார்த்திருந்தேன். முதுகுப் பக்கம் பஞ்சு வைத்து, நடுவில் இரண்டு அலுமினியப் பட்டை. கீழே கையகலத்துக்கு இடுப்பு வார். சுமை தோளில் தொங்காமல் இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்படி வெட்டியிருந்தார்கள். தைக்கிறவள் என்பதால் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. அதை ஆணியிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதப் பாருங்ணா. சொமை தோளுல தொங்கக்கூடாது. இடுப்புல ஒக்காரணும்."

"இடுப்புல ஒக்கார அது என்ன கொழந்தையா அம்மிணி? இருவத்தெட்டு வருசம் ராடு சொமந்த தோளு இது."

"ராடு பத்தடி சொமப்பீங்க. இது நாலு நாள் நடக்கோணும்."

அவர் வாத்தியார் பையின் துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். "முள்ளுல பட்டாக் கிழிஞ்சுரும்" என்றார்.

"கிழியாதுங்ணா. இதையே எடுத்துட்டுப் போங்க. வாத்தியாருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"அடுத்தவன் சாமான எடுத்துட்டுப் போயி நடுக்காட்டுல கிழிஞ்சு நின்னா நான் என்ன பண்ணுவேன்? நீங்க கித்தான்லயே தெச்சுக் குடுங்க."

வேறு ஆளாக இருந்தால் கடையை விட்டே துரத்தியிருப்பேன். அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்கு நாக்கு எழவில்லை. பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கிற மனிதனோடு இடுப்பு வாருக்காகச் சண்டை போடுவதா என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு தார்ப்பாய் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததும் உண்மை. மளமளவென்று அவர் கேட்டபடியே தைத்தேன். ஸ்பிரிங் தராசில் மாட்டினால் வெறும் பையே நாலரைக் கிலோ இருந்தது.

சாமானையெல்லாம் கடைக்கே கொண்டுவந்து வைத்தார். எட்டுக் கிலோ அரிசி, ஸ்டவ், சட்டி, இரண்டு கம்பளி, இரண்டு டார்ச், ஒரு சுருள் கயிறு, அரிவாள், மழைக்குப் பிளாஸ்டிக் தாள், ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். பையனுக்கு ஒரு செட் துணி, செருப்பு, தைலம், குளுக்கோஸ், ரொட்டி. எல்லாம் சேர்த்து முப்பத்தொரு கிலோ. அரிசியும் கேனும் லாரியில் லோடு அடுக்குவது போல அடியில் போய்விட்டன.

"பாதிய எடுத்து வெளிய வைங்ணா" என்றேன்.

"இதுல பாதி அவனோடது அம்மிணி. அதுல எதைக் கொறைக்கறது?"

கூலி வேண்டாம் என்றேன். கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

மலையில் நடந்ததை அவர் சொல்லிக் கொஞ்சமும், பின்னால் ஒரு தடவை கடைக்கு வந்த சடையன் சொல்லிக் கொஞ்சமும் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் நடக்க ஆரம்பித்தார்கள். சடையன் ஒரு வேட்டித் துணியில் கேழ்வரகு மாவையும் உப்பையும் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவுதான் அவர் சாமான். அண்ணன் முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிட்டார். சனிக்கிழமை காலையில் இரண்டு கையும் மரத்துவிட்டன. நாடா தோளை அறுத்து, சட்டையில் ரத்தம் ஒட்டியிருந்தது. சுமை பின்னாலும் கீழேயும் இழுத்ததால் ஒவ்வொரு மேட்டிலும் குனிந்து, கையை ஊன்றி ஏறினார். பத்தடிக்கு ஒரு தடவை நின்று, நவநீதா என்று கத்துவார். கத்தவும் மூச்சு இல்லாமல் போனது.

"மூட்டைய இங்கியே மரத்துல கட்டிட்டு வாய்யா. எவன் வந்து எடுக்கப் போறான்? திரும்பி வரச்சொல்ல எடுத்துக்கலாம்" என்று சடையன் கெஞ்சியிருக்கிறார்.

அண்ணன் கேட்கவில்லை. பையன் கிடைக்கிற இடத்தில் பை இல்லாவிட்டால் அவனுக்கு எதைக் கொடுப்பது, எதைப் போர்த்துவது? அவர் கணக்கு அது. ரிக்குக்காரர் கணக்கு. அதை நான் எத்தனை தரம் யோசித்தாலும் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் தப்பாகத்தான் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓர் ஓடைக்கு இறங்குகிற பாறையில், பையின் பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலது முழங்கால் மடங்கிவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை. ஓடைக்கு அக்கரையில் இன்னொரு மேடு இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று அண்ணன் தவழ்ந்திருக்கிறார். சடையன் விடவில்லை. பையை அங்கேயே போட்டுவிட்டு, கைத்தாங்கலாக இவரைக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். பையைச் சடையனின் ஆட்கள் பிறகு போய் எடுத்து வந்தார்கள்.

முழங்காலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மலையில் மழை பிடித்துக்கொண்டது. இருபது நாள் கழித்து, தேன் எடுக்கப் போனவர்கள் அந்த ஓடைக்கு அக்கரை மேட்டில் பையனின் பையைக் கண்டெடுத்தார்கள். அண்ணன் விழுந்த இடத்திலிருந்து ஒரு மணி நேர நடை. பக்கத்தில் நெருப்பு மூட்டிய சாம்பல் இருந்தது. பைக்குள் அவன் போன் இருந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் அதை அணைத்து அணைத்து வைத்திருக்கிறான். போலீஸ் அதைத் திறந்து பார்த்தார்கள். கடைசியாக அவன் எடுத்த படம், பையின் வாரால் கட்டுப்போட்ட தன் காலை. வீங்கியிருந்தது. எடுத்த நேரம், அவன் கிளம்பிப் போன பத்தாம் நாள், திங்கட்கிழமை காலை ஆறே முக்கால்.

திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பன் திரும்பினார். திங்கட்கிழமை காலையில் மகன் உயிரோடு இருந்தான்.

பையன் மட்டும் அங்கே இல்லை. தண்ணீருக்காகத் தவழ்ந்து ஓடைப் பக்கம் இறங்கியிருப்பான், மழையில் வந்த வெள்ளம் இழுத்துப் போயிருக்கும் என்றார்கள். இருப்பான் என்று அண்ணன் சொன்னார். யாராவது மலைக்காரர்கள் எடுத்துப்போய் வைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஸ்ரீதேவி சொல்லும். இல்லை என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எவருக்கும் தைரியம் வரவில்லை.

கார்த்திகை மாதம் அவர் கடைக்கு வந்தார். கால் இன்னும் சரியாகவில்லை, சாய்ந்து சாய்ந்து நடந்தார். பச்சைக் கித்தான் பையை என் மேசை மேல் வைத்தார். ஒரு தையல்கூட விடவில்லை. ஒரு முள் கீறல்கூட உள்ளே இறங்கவில்லை.

"இதப் பிரிச்சுருங்க அம்மிணி. வேற தெச்சுக் குடுங்க. மறுக்கா போறேன்."

அப்போதுதான் என் வாய் திறந்தது. திறக்கக் கூடாத நேரத்தில். "நான் அன்னைக்கே சொன்னனா இல்லையா? வாத்தியார் பையத் தூக்கிக் கையில குடுத்தனா இல்லையா? கேட்டீங்களா?" என்று ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கத்த வேண்டியது என்னைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தெரியும்.

"சொன்னீங்" என்றார் அவர். "நாந்தான் கேக்கல."

அந்த ஒரு சொல்லில் நான் உடைந்து போனேன். மேசை மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அவர் பையை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, "அழுவாதீங்க சாமி. நீங்க எனக்கு என்ன கெடுதல் பண்ணுனீங்க? கேட்டதத்தான் தெச்சுக் குடுத்தீங்க" என்றார். அதைச் சொன்னதற்குப் பதில் அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

இரண்டாவது பையைத் தைக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். வாத்தியாரிடம் கேட்டு அவருடைய பையை மறுபடி வாங்கி வந்து, ஒவ்வொரு துண்டாகக் காகிதத்தில் அளவு எடுத்தேன். குடைத் துணியை விடக் கொஞ்சம் தடிமனான பாராசூட் துணி. சீட் கவரில் வைக்கிற கெட்டிப் பஞ்சு. நம்பர் பிளேட் அடிப்பவரிடம் இரண்டு அலுமினியப் பட்டை. இடுப்பு வாரை அவர் இடுப்பிலேயே வைத்து அளந்து தைத்தேன். மூன்று நாளும் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கனமான சாமான் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அடியில் கம்பளி, முதுகை ஒட்டி நடுவில் அரிசி, மேலே கைக்கு எட்டுகிற சாமான் என்று வாத்தியார் சொன்னதைச் சொன்னேன். ஒன்றுக்கு ஒன்று போதும் என்று அவராகவே சொன்னார். பை ஒரு கிலோ இருநூறு கிராம். சாமானோடு ஒன்பது கிலோ. செலவு ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

அந்த ஒன்பது கிலோவில் மூன்று கிலோ பையனுடையது. அதில் அவர் கை வைக்கவில்லை. தனக்கு ஒரு வேட்டியும் துண்டும், தன் சாப்பாட்டுக்கு ராகி மாவும் அவலும் என்று குறைத்துக்கொண்டார்.

மார்கழியில் முதல் தடவை அந்தப் பையோடு போய்விட்டு வந்தார். நான்காம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கு வந்தார்.

"எப்படிங்ணா இருந்துச்சு? தோளு வலிச்சுதா?"

"வலியே இல்லீங். முதுகுல பை இருக்கறதே தெரியல." பையைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "மொத நாளு பொழுதோடயே அந்த ஓடையத் தாண்டிட்டேன் அம்மிணி. இந்த நொண்டிக் காலோட, மொத நாளே தாண்டிட்டேன்."

சொல்லிவிட்டு நெற்றியில் அறைந்துகொண்டார். ஒரு தடவை, இரண்டு தடவை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். இருபத்தெட்டு வருடம் ராடு தூக்கிய கை. என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை.

அதன் பிறகு மாதம் ஒரு தடவை போனார். ரிக்குக்குப் போவதை விட்டுவிட்டு, ஒரு ரிக் கம்பெனி யார்டில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் மாதம் நான்கு நாள் சேர்ந்தாற்போல் லீவு கொடுத்தார்கள். பையை ஸ்ரீதேவிதான் கட்டும். பையனுடைய பங்கை அது வேறு யாரையும் தொட விடாது. சட்டையைத் தேய்த்து மடித்து வைக்கும். போன மாதம் போய்த் திரும்பி வந்த ரொட்டி நமுத்திருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக வாங்கி வைக்கும். திரும்பி வந்த ரொட்டியை யாரும் சாப்பிடுவதில்லை. மாட்டுக்குப் போட்டுவிடும். தை மாதம் குளிரென்று ஒரு ஸ்வெட்டர் சேர்ந்தது. மாசி மாதம் அண்ணன் தன் துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் ஆரஞ்சுப் பழப் பை வைத்துக்கொண்டு போனார், பையனுக்குப் பிடிக்குமென்று. மலையிலிருக்கிற ஒவ்வொரு ஊரிலும் போய்ப் படத்தைக் காட்டிக் கேட்டார். ஓடையோரமாகவே கீழே இறங்கி, பிறகு மேலே ஏறி, மறுபடி கீழே இறங்கினார். எடை இருபது கிலோ குறைந்திருப்பார். கன்னம் ஒட்டிவிட்டது. ஆனால் அந்த மலையில் இப்போது சடையனே இவர் பின்னால்தான் நடப்பதாகச் சொன்னார்.

நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு மாதமும் பை போவதற்கு முன்னால் வாங்கி, தையலைச் சரிபார்த்துக் கொடுத்தேன். ஜிப்புக்கு மெழுகு தேய்த்தேன். வேறு என்ன செய்ய முடியும்? ராத்திரி படுத்தால் அந்த இரும்பு வளையம் எட்டும் நினைவுக்கு வரும். ஒரு வளையம் எழுபது கிராம். அதை மட்டுமாவது அடிக்காமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அரைக் கிலோ குறைந்திருக்கும். அரைக் கிலோவுக்கு அந்த முழங்கால் இன்னும் நூறடி தாங்கியிருக்குமா? இப்படி ஒரு பைத்தியக்காரக் கணக்கு. அவர் மன்னித்துவிட்டார். எனக்குத்தான் ஆறவில்லை.

பங்குனிக் கடைசியில், போன வாரம், மறுபடி வந்தார். மாதம் முடியவில்லையே, அதற்குள் என்ன என்று யோசித்தேன். கையில் பை இல்லை. வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சடையன் போன் பண்ணியிருந்தாப்பல" என்றார். "ஓட வத்திப் போச்சாம். கீழ ஒரு மடு இருக்குது, எப்பவும் தண்ணி நிக்கும். நான் நாலு வாட்டி அதுக்கு மேலதான் நின்னு கூப்புட்டிருக்கேன். இப்ப அதுல பாறைக்கு அடியில துணி தெரியுதாமா. நீலத் துணி."

நவநீதன் போட்டிருந்தது நீலச் சட்டை. நோட்டீஸில் போட்டு ஊரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். எனக்கும் தெரியும்.

"போலீஸு, டாக்டரு எல்லாம் வியாழக்கிழம வாராங்க. எடுத்துப் பாத்து, எழுதிக்கிட்டு, பரிசோதனைக்கு அனுப்போணுமாமா. ரோட்டுக்குக் கொண்டுவரச் சாக்கு இருக்குதுன்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். நான் ஒரு பை கொண்டாரேன்னேன். சரின்னுட்டாங்க."

மேசையிலிருந்த கத்திரிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இத்தன நாளா அவனுக்கு எடுத்துட்டுப் போறதுக்குப் பை கேட்டேன் அம்மிணி. இந்த வாட்டி அவன எடுத்துட்டு வாரதுக்கு."

"ஸ்ரீதேவிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங். ஊட்டுல ரொட்டி வாங்கி வெச்சுட்டு ஒக்காந்திருக்கறா."

ரோட்டில் ஒரு ரிக் வண்டி போய்க்கொண்டிருந்தது. என்ன துணி என்று கேட்டேன். கித்தான் வேண்டாம், பழைய துணி எதுவும் வேண்டாம், மல்லுத் துணி வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே இன்னொரு மடிப்பு வையுங்கள் என்றார். வாய் அகலமாக இருக்க வேண்டும். எதையும் மடக்கியோ திணித்தோ வைக்கக் கூடாது. முதுகில் மாட்டிக்கொள்ளும்படி வாரும் இடுப்பு வாரும் வேண்டும், வேறு யாரையும் தூக்க விட மாட்டேன் என்றார்.

பதினாறு வருடத் தொழில் பழக்கம், கை தன்னால் டேப்பை எடுத்தது. வாய் தன்னால் கேட்டுவிட்டது.

"நீளம் எவ்வளவு வேணுங்ணா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கோபப்படவில்லை. எழுந்து நின்றார். வேட்டி மேலேயே இடுப்பு எலும்பில் ஒரு கையையும், முழங்காலுக்கு மேல் ஒரு கையையும் வைத்துக் காட்டினார்.

"அவனும் என் ஒசரந்தான்" என்றார். "இத அளந்துக்குங்க. இதுதான் நீளமான எலும்பாமா."

நான் மண்டியிட்டு அளந்தேன். பத்தொன்பது அங்குலம் இருந்தது. தையலுக்கு ஓர் அங்குலம் சேர்த்து இருபது என்று சுண்ணக்கட்டியால் மேசையில் எழுதிக்கொண்டேன்.